16 மெகாபைட் ஃபிளாஷில் ஓர் இயங்குதளம்: லினக்ஸைச் சுருக்கலாமா, சொந்தக் கர்னல் எழுதலாமா?

செம்புக்கம்பி எழுதியது:

எங்கள் பட்டறை கோவைப் பக்கம். நூற்பாலைகளுக்கு மின் கண்காணிப்புக் கருவி செய்து கொடுக்கிறோம். ஒரு ஷெட்டில் 30 எனர்ஜி மீட்டர் வரை இருக்கும். எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் சீரியல் கம்பி) தொங்குபவை, மோட்பஸ் ஆர்டியூ என்ற நெறிமுறையில் பேசுபவை. நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மீட்டரையும் படித்து, கருவியிலேயே சேமித்து, 4ஜி மோடம் வழியாக சர்வருக்கு அனுப்ப வேண்டும். வேலை இவ்வளவுதான்.

இப்போது ஒரு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டரில் முழு லினக்ஸ் டிஸ்ட்ரோ போட்டு ஓட்டுகிறோம். இமேஜ் ஒரு ஜிபியைத் தாண்டுகிறது. பவர் கட் ஆகித் திரும்ப வரும்போது சில கருவிகள் எழுந்திருப்பதில்லை. எஸ்டி கார்டு போயிருக்கும். ஆள் அனுப்பி கார்டு மாற்றுவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

எஸ்டி கார்டே இல்லாமல், 16 மெகாபைட் எஸ்பிஐ ஃபிளாஷ் வைத்த சின்ன போர்டில் தேவையானது மட்டும் இருக்கும் இயங்குதளத்தைக் கட்ட நினைக்கிறேன். லினக்ஸைச் சுருக்குவதா, மைக்ரோகன்ட்ரோலருக்கு மாறி, இயங்குதளத்தின் கருவான கர்னலையே சொந்தமாக எழுதுவதா? இரண்டிலும் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.

வெறும்இரும்பு எழுதியது:

லினக்ஸே வேண்டாம் என்பேன். மீட்டரைப் படிக்கவும் ஃபிளாஷில் எழுதவும் ஒரு எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போதும். 72 மெகாஹெர்ட்ஸ், 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம். பவர் வந்த சில மில்லி செகண்டில் உங்கள் நிரல் ஓட ஆரம்பித்துவிடும். கெட்டுப்போக ஃபைல் சிஸ்டமே இருக்காது.

மோட்பஸில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்றரை எழுத்து நேரம் அமைதி வேண்டும். 9600 பாடில், ஒரு எழுத்துக்கு 11 பிட் என்று வைத்தால், அது சுமார் 4 மில்லி செகண்ட். இதை ஹார்டுவேர் டைமரில் பிடிப்பது மைக்ரோகன்ட்ரோலருக்குப் பிறவிக் குணம்.

அப்புறம் ஆர்எஸ்-485 டிரான்ஸீவரின் (கம்பியில் அனுப்பி வாங்கும் சிப்) திசை மாற்றும் பின். கடைசி பைட் கம்பியில் முழுதாகப் போன பிறகுதான் அதை இறக்க வேண்டும். இந்த மைக்ரோகன்ட்ரோலரின் யூஆர்ட்டில் (சீரியல் போர்ட்) இரண்டு கொடிகள் உண்டு. ஒன்று, டேட்டா ரிஜிஸ்டர் காலியாகிவிட்டது என்று சொல்வது. மற்றது, ஷிஃப்ட் ரிஜிஸ்டரும் காலியாகி அனுப்பி முடிந்தது என்று சொல்வது. முதல் கொடியைப் பார்த்துப் பின்னை இறக்கினால் கடைசி பைட் பாதியில் வெட்டுப்படும், சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) தப்பாகும், மீட்டர் பதிலே சொல்லாது. புதிதாக எழுதுகிறவர்கள் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பூட்_நேரம் எழுதியது:

மீட்டர் பக்கம் வெறும்இரும்பு சொல்வது எல்லாம் சரி. சர்வர் பக்கத்தைப் பாருங்கள். மில்லின் மின் கணக்கு திறந்த இணையத்தில் போகக் கூடாது, டிஎல்எஸ் என்ற மறையாக்கம் வேண்டும். அதற்கான எம்பெட்டிஎல்எஸ் நூலகம் சாதாரண அமைப்பில் வாங்குவதற்கு 16 கேபி, அனுப்புவதற்கு 16 கேபி பஃபர் எடுக்கும். 20 கேபி ரேமில் அது எங்கே உட்காரும்? பஃபரைக் குறைக்கலாம், ஆனால் சர்வரும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் பரிந்துரைப்பது ஆல்வின்னர் எஃப்1சி100எஸ் மாதிரி சிப். ஆர்ம்926 கோர், எம்எம்யூ (நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி) உண்டு, 32 மெகாபைட் டிடிஆர் ரேம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் போர்டு வரைவது சுலபம். மெயின்லைன் (அதிகாரபூர்வ) கர்னலிலேயே இதற்கு ஆதரவு இருக்கிறது. 2019-ல் ஒருவர் இந்த சிப்பையும் 8 மெகாபைட் ஃபிளாஷையும் வைத்து லினக்ஸ் ஓடும் விசிட்டிங் கார்டே செய்து காட்டினார். உங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிளாஷ் கிடைக்கிறது.

கட்டுவதற்கு, சின்ன லினக்ஸ் இமேஜ் தயாரித்துத் தரும் பில்ட்ரூட் போதும். அது யூசிலிப்சி என்ற சின்ன சி நூலகத்தைச் செய்தவர்கள் தங்கள் நூலகத்தைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்த கருவி. இன்று மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது. அதே வேலைக்கான யோக்டோவும் நல்லதுதான், பத்துப் பதினைந்து மாடல் போர்டுகளை ஒரு பெரிய அணி பராமரிக்கும்போது. ஒரே போர்டு, ஒன்றிரண்டு பேர் என்றால் பில்ட்ரூட்.

உள்ளே மூன்றே பொருள். கர்னல், மசல் சி நூலகம் (அரை மெகாபைட் சுற்றளவு), பிஸிபாக்ஸ். ஒரே பைனரிக்குள் ஷெல், கோப்புக் கட்டளைகள், இனிட் (கர்னல் முதலில் ஓட்டும் நிரல்), டிஎச்சிபி எல்லாம் பிஸிபாக்ஸில் அடங்கிவிடும். 1990-களின் நடுவில் டெபியன் நிறுவும் ஃபிளாப்பியில் எல்லாவற்றையும் அடக்க புரூஸ் பெரன்ஸ் எழுதியது அது. ரூட் ஃபைல் சிஸ்டம் 2 மெகாபைட் அளவில் வந்துவிடும்.

செம்புக்கம்பி எழுதியது:

நன்றி. எஃப்1சி100எஸ் போர்டு ஒன்று வாங்கி பில்ட்ரூட்டில் கட்டிப் பார்த்தேன். சீரியலில் கர்னல் செய்திகள் அழகாக ஓடுகின்றன. கடைசியில், இனிட்டைக் கொல்ல முயற்சி நடந்தது என்று கர்னல் பேனிக் (மீள முடியாமல் கர்னல் நின்றுவிடுவது). எக்ஸிட்கோடு 4 என்று காட்டுகிறது. டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு) வேறு ஒரு போர்டுக்கு ஏற்கெனவே வைத்திருந்தது.

பூட்_நேரம் எழுதியது:

அந்த 4 தான் விடை. முதல் புரோசஸ் எந்த சிக்னலில் செத்தது என்பதை கர்னல் அந்த எண்ணில் சொல்கிறது. 4 என்றால் சட்டவிரோத இன்ஸ்ட்ரக்‌ஷன். 11-க்கு உரிய பதினாறுமான எண் வந்தால் செக்மென்டேஷன் பிழை. 100 என்று முடிந்தால் இனிட் தானாகவே பிழை எண் 1 சொல்லி வெளியேறியிருக்கிறது.

உங்கள் பழைய டூல்செயின் ஆர்ம்வி7 ஹார்டு ஃப்ளோட்டுக்கானதாக (தசமக் கணக்கை ஹார்டுவேரே செய்யும் வகை) இருக்கும். ஆர்ம்926 என்பது ஆர்ம்வி5. ஃப்ளோட்டிங் பாயின்ட் யூனிட் இந்த சிப்பில் கிடையாது. கர்னல் தன் அமைப்புப்படி ஆர்ம்வி5-க்குக் கம்பைல் ஆகிவிட்டது, அதனால் ஓடியது. பிஸிபாக்ஸ் ஓடவில்லை. பில்ட்ரூட்டிலேயே டூல்செயினையும் கட்டச் சொல்லுங்கள், சாஃப்ட் ஃப்ளோட், மசல். சரியாகிவிடும்.

இன்னொன்றையும் தெரிந்து வையுங்கள். கர்னலுக்கு வேண்டியது ஒரே ஒரு நிரல்தான். ரூட்டை ஏற்றியதும் எஸ்பின் அடைவில் இனிட் இருக்கிறதா, இல்லையென்றால் ஈடிசி, பின் அடைவுகளில் இருக்கிறதா, கடைசியாக ஷெல் இருக்கிறதா என்று வரிசையாகத் தேடும். கிடைத்ததை ஓட்டும். அந்த முதல் புரோசஸ் இறக்கவே கூடாது, அநாதையாகும் மற்ற புரோசஸ்கள் இறந்தால் அவற்றை அள்ளி எடுக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் உங்கள் மீட்டர் நிரலையே இனிட்டாக வைக்கலாம்.

பழைய_ரவுட்டர் எழுதியது:

எஸ்டி கார்டு விஷயத்துக்கு வருகிறேன், மூல நோய் அங்கேதான். கார்டுக்குள் ஒரு குட்டி கன்ட்ரோலர் இருக்கிறது. அது தன்பாட்டுக்கு டேட்டாவை ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரன்ட் போனால், நீங்கள் தொடவே தொடாத கோப்பும் கெடலாம். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு) இதைக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது.

இதற்கு ரவுட்டர்க்காரர்கள் இருபது வருடத்துக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் 4 மெகாபைட் ஃபிளாஷ், 16 மெகாபைட் ரேம். அதன் லினக்ஸ் மூலநிரல் 2003-ல் வெளியானது. அடுத்த வருடம் அதிலிருந்து ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. அந்தக் கட்டமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஸ்குவாஷ்எஃப்எஸ்: சுருக்கப்பட்டது, படிக்க மட்டும். மேலே மாற்றங்களுக்கு ஜேஎஃப்எஃப்எஸ்2: ஃபிளாஷில் எழுதுவதற்கான ஃபைல் சிஸ்டம். இரண்டையும் ஓவர்லேஎஃப்எஸ் ஒன்றாகக் காட்டும். மேல் அடுக்கு என்ன கெட்டாலும் அதை அழித்துவிட்டால் கருவி முதல் நாள் நிலைக்கு வந்துவிடும். ரவுட்டரின் ரீசெட் பட்டன் செய்வது இதைத்தான்.

கொஞ்சம் இடம் மிச்சம் விட்டுக் கட்டுங்கள் என்றும் சொல்கிறேன். அதே ஓபன்டபிள்யூஆர்டி 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் ரேம் கருவிகளை 19.07 வெளியீட்டோடு கைவிட வேண்டியதாயிற்று. கருவி மாறவில்லை, கர்னல் வளர்ந்துகொண்டே போனது. இன்று 15.9 மெகாபைட்டில் அடக்கிவிட்டோம் என்று மகிழ்ந்தால் அடுத்த பாதுகாப்பு அப்டேட் உள்ளே போகாது.

வெறும்இரும்பு எழுதியது:

ஜேஎஃப்எஃப்எஸ்2 அமைப்புக் கோப்புகளுக்குச் சரி. மீட்டர் கணக்குக்கு ஃபைல் சிஸ்டமே வேண்டாம், நேராக எழுதுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் போர்டில் இருப்பது போன்ற நார் ஃபிளாஷில் அழிக்கும்போது எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம், திருப்ப முடியாது, மறுபடி 4 கேபி செக்டாரையே அழிக்க வேண்டும். ஒரு செக்டார் சாதாரணமாக 1,00,000 முறை அழிப்பதைத் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்லும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே செக்டாரை அழித்து எழுதினால் 69 நாளில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். "கடைசி ரீடிங்" என்று ஒரு கோப்பை வைத்துத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் எழுதுகிற கருவி இப்படித்தான் சாகிறது.

அதற்குப் பதில் 4 மெகாபைட்டை வட்டமாக வையுங்கள். ஒரு மீட்டருக்கு 16 பைட், 30 மீட்டருக்கு நிமிடத்துக்கு 480 பைட். வட்டம் ஒருமுறை சுற்றிவர 6 நாள் ஆகும். அதாவது ஒரு செக்டாருக்கு வருடத்துக்கு 60 முறை அழிப்பு. தேய்மானம் பற்றிய கவலையே இல்லை. ஆறு நாள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கணக்கு பத்திரமாக இருக்கும்.

ஒவ்வொரு பதிவிலும் வரிசை எண், கடைசியில் சிஆர்சி. எழுதும்போது கரன்ட் போனால் அந்த ஒரு பதிவின் சிஆர்சி பொருந்தாது, அதை மட்டும் தள்ளிவிடுங்கள். கருவி எழும்போது எல்லாவற்றிலும் பெரிய வரிசை எண் எங்கே என்று தேடி, அங்கிருந்து தொடரும்.

முதல்_வரி எழுதியது:

நான் கல்லூரி மாணவன். எனக்கு வேலைக்காக இல்லை, கற்றுக்கொள்ள ஒரு குட்டிக் கர்னல் எழுத ஆசை. வெறும்இரும்பு அண்ணா, 20 கேபி ரேமில் இரண்டு மூன்று டாஸ்க் மாறி மாறி ஓடுவது எப்படி நடக்கிறது என்று விளக்க முடியுமா? எங்கே தேடினாலும் டாஸ்க் கிரியேட் ஃபங்ஷனைக் கூப்பிடு என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

வெறும்இரும்பு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. எஸ்டிஎம்32எஃப்103-க்குள் இருக்கும் கார்டெக்ஸ்-எம்3 கோரை வைத்துச் சொல்கிறேன்.

சிப் எழுந்ததும் ஃபிளாஷின் முதல் சொல்லை ஸ்டாக் பாயின்டருக்கும், இரண்டாவது சொல்லை முதலில் ஓட வேண்டிய ஃபங்ஷனின் முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷனில் நீ செய்ய வேண்டியது இரண்டு. ஆரம்ப மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடு, மற்ற மாறிகளைப் பூஜ்யமாக்கு. பிறகு மெயினைக் கூப்பிடு. சி மொழி ஓட இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இனி டாஸ்க் மாற்றம். இன்டரப்ட் வந்தால் இந்த சிப் எட்டு ரிஜிஸ்டர்களைத் தானாகவே நடப்பு ஸ்டாக்கில் தள்ளிவிடும்: ஆர்0 முதல் ஆர்3, ஆர்12, எல்ஆர் (திரும்பும் முகவரி), பிசி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (நிலைக் கொடிகள்). மிச்சம் இருப்பது ஆர்4 முதல் ஆர்11 வரை எட்டு. அவற்றை நீ அதே ஸ்டாக்கில் தள்ளு. ஸ்டாக் பாயின்டரை பழைய டாஸ்க்கின் பெயரில் குறித்து வை. அடுத்த டாஸ்க்கின் ஸ்டாக் பாயின்டரை எடு, அதன் எட்டு ரிஜிஸ்டர்களை இறக்கு, இன்டரப்டிலிருந்து திரும்பு. மீதி எட்டையும் சிப்பே இறக்கிக்கொள்ளும். திரும்பும்போது நீ இருப்பது வேறு டாஸ்க்கில். மொத்தம் 16 சொல், 64 பைட். இவ்வளவுதான் ஒரு டாஸ்க்கின் உயிர்.

இதுவரை ஓடாத டாஸ்க்குக்கு என்ன செய்வது? ஏற்கெனவே ஓடி நின்றதுபோல ஒரு போலி ஸ்டாக்கை நீயே கட்டி வைக்க வேண்டும். பிசி இருக்கும் இடத்தில் டாஸ்க் ஃபங்ஷனின் முகவரி. எக்ஸ்பிஎஸ்ஆர் இடத்தில் 24-ஆவது பிட் கட்டாயம் 1 ஆக இருக்க வேண்டும், அது தம்ப் நிலையைக் (இந்தக் கோர் ஓட்டும் ஒரே கட்டளை வகை) குறிக்கும் பிட். பூஜ்யமாக விட்டால் முதல் டாஸ்க்குக்குள் போகிற கணமே ஹார்டு ஃபால்ட். எங்கே தப்பு என்று டீபக்கரிலும் சட்டென்று தெரியாது. முதலில் இதைப் பார்.

இந்த மாற்றத்தை சிஸ்டிக் (சீராக அடிக்கும் டைமர்) இன்டரப்டுக்குள்ளேயே செய்யாதே. சிஸ்டிக் மணியடிக்கட்டும், பென்ட்எஸ்வி என்ற இன்டரப்டை எழுப்பிவிட்டுப் போகட்டும். பென்ட்எஸ்விக்கு எல்லாவற்றிலும் தாழ்ந்த முன்னுரிமை கொடு. மற்ற எல்லா இன்டரப்டும் முடிந்த பிறகுதான் டாஸ்க் மாறும்.

ஸ்டாக் எவ்வளவு வேண்டும் என்று யூகிக்காதே. டாஸ்க் தொடங்கும் முன் அதன் ஸ்டாக்கின் ஒவ்வொரு பைட்டிலும் 165 என்று நிரப்பு, மைக்ரோகன்ட்ரோலருக்கான ஃப்ரீஆர்டாஸ் இயங்குதளமும் அதே எண்ணைத்தான் போடுகிறது. சில மணி நேரம் ஓடவிட்டு, அந்த எண் எதுவரை அழியாமல் இருக்கிறது என்று பார்.

தரமணி_சிலிக்கான் எழுதியது:

இதையே ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளை அமைப்புள்ள சிப்பில் செய்தால் இன்னும் தெளிவாகப் புரியும், ஏனென்றால் அங்கே சிப் எதையும் தானாக ஸ்டாக்கில் தள்ளாது. டிராப் (இன்டரப்ட் அல்லது பிழை) வந்தால் திரும்பும் முகவரி எம்இபிசி ரிஜிஸ்டரில் இருக்கும், மிச்சம் எல்லாம் நம் கையால் சேமிக்க வேண்டியது. டைமருக்கு எம்டைம்சிஎம்பி-யில் அடுத்த மணிக்கான எண்ணை எழுத வேண்டும். ஐஐடி மெட்ராஸின் ரிஸ்க்-வி சிப் திட்டமான சக்தியில் இ-கிளாஸ் கோர் இந்த அளவு வேலைக்கானது, ஃப்ரீஆர்டாஸ், செஃபிர் போன்றவை அதில் ஓடும். சி-கிளாஸ் லினக்ஸ் வரை போகும். மூலநிரல் திறந்தது. கர்னல் எழுதுகிற மாணவர் தன் கட்டளை உள்ளே எந்தக் கம்பியில் போகிறது என்பதுவரை போய்ப் பார்க்கலாம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

பூட்_நேரம் எழுதியது:

தம்பி, கற்றுக்கொள்ள எழுதுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மில்லில் மாட்டும் கருவிக்கு சொந்த ஷெட்யூலர் (டாஸ்க்குகளை மாற்றும் நிரல்) வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டாஸ்க் மாற்றுவது சுலபமான பாதி. ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடவைக்கும் பூட்டுகள்தான் கஷ்டமான பாதி.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ், நன்றாகப் பழகிய ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்). வானிலைத் தகவல் எடுக்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தகவல் போகும் பஸ்ஸை நிர்வகிக்கும் உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் குறுக்கே புகுந்து ஓட, தாழ்ந்தது பூட்டை விடவே முடியவில்லை. உயர்ந்த டாஸ்க் நேரத்துக்கு முடியாததால் கருவி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. பூமியில் இருந்த மாதிரிக் கருவியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, அந்தப் பூட்டுக்கு முன்னுரிமை மரபுரிமையை (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) இயக்கி விட்டதும் சரியானது. அந்த வசதி ஓஎஸ்ஸில் ஏற்கெனவே இருந்ததால்தான் தொலைவிலிருந்தே திருத்த முடிந்தது. நாம் எழுதும் முந்நூறு வரி ஷெட்யூலரில் அது இருக்குமா?

வெறும்இரும்பு எழுதியது:

பாத்ஃபைண்டர் உதாரணம் என் பக்கமும் பேசும். பூட்டே இல்லாவிட்டால் அந்தக் கோளாறு வராது. செம்புக்கம்பியின் வேலைக்கு ஒரே லூப், மூன்று ஸ்டேட் மெஷின் போதும், முன்னுரிமையே தேவையில்லை. ஆனால் டிஎல்எஸ் சேர்ந்தால் 20 கேபி போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மோடத்துக்குள்ளேயே டிஎல்எஸ் இருக்கும் மாடலை எடுத்தால் ஏடி கட்டளையிலேயே (மோடத்துக்கு அனுப்பும் எழுத்துக் கட்டளை) முடியும். சான்றிதழை மோடத்தில் ஏற்றிப் புதுப்பிக்கும் வேலை கூடுதலாக வரும்.

சீரியல்_கேபிள் எழுதியது:

விற்கப் போகும் கருவி என்பதால் இரண்டு விஷயம்.

லினக்ஸும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தில் வருபவை. கருவியை விற்றால் அவற்றின் மூலநிரலை, நீங்கள் செய்த மாற்றங்களோடு, வாங்கியவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். 2007-ல் அமெரிக்காவில் பிஸிபாக்ஸ் ஆசிரியர்கள் இதற்காகவே வழக்குப் போட்டார்கள். உங்கள் மீட்டர் நிரல் தனி நிரல், அதைக் கொடுக்க வேண்டியதில்லை. எந்தப் பொருள் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று மூலநிரலோடு திரட்டித் தரும் கட்டளை பில்ட்ரூட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஓட்டி, எடுத்து வையுங்கள்.

பிஸிபாக்ஸில் டெல்நெட் (மறையாக்கம் இல்லாத தொலை நுழைவு) சர்வரை எடுத்துவிடுங்கள். 2016-ல் மிராய் புழு கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது பெரிய வித்தையால் இல்லை. திறந்திருந்த டெல்நெட்டில் அறுபது சொச்சம் வழக்கமான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். உள்ளே நுழைய வழி வேண்டுமென்றால் டிராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச் சர்வர், கருவிக்குக் கருவி வேறு சாவி, பாஸ்வேர்டு நுழைவு மூடப்பட்டது.

செம்புக்கம்பி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டூல்செயின் மாற்றியதும் இனிட் எழுந்துவிட்டது. லினக்ஸ் வழியில் போகிறேன், காரணம் டிஎல்எஸ்ஸும் வெளியிலிருந்து அப்டேட் செய்யும் தேவையும். ஃபிளாஷை இப்படிப் பிரித்திருக்கிறேன்: யூ-பூட் (கர்னலை ஏற்றிவிடும் நிரல்) அரை மெகாபைட், அதன் அமைப்புகளுக்கு 64 கேபி இரண்டு பிரதி, கர்னலும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸும் சேர்ந்து 5 மெகாபைட் ஏ பக்கம், அதேபோல 5 மெகாபைட் பி பக்கம், வட்டப் பதிவுக்கு 4 மெகாபைட், மிச்சத்தில் ஜேஎஃப்எஃப்எஸ்2. புது அப்டேட் ஓடாத பக்கத்தில் எழுதப்படும். யூ-பூட்டின் பூட் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் பழைய பக்கத்துக்குத் திரும்பும்.

திசை மாற்றும் பின்னை நிரலிலிருந்து ஆட்டாமல் கர்னலின் ஆர்எஸ்-485 வசதியிடம் விட்டுவிடுகிறேன். நேரத்துக்கு பேட்டரியோடு தனி ஆர்டிசி (கடிகார) சிப். இல்லாவிட்டால் மோடம் நேரம் வாங்கும்வரை பதிவெல்லாம் 1970 என்று விழுகிறது.

மிச்சம் ஒரே கேள்வி. வாட்ச்டாகுக்கு (அவ்வப்போது தட்டாவிட்டால் கருவியை ரீசெட் செய்யும் டைமர்) பிஸிபாக்ஸின் வாட்ச்டாக் கட்டளையையே போட்டால் போதுமா?

வெறும்இரும்பு எழுதியது:

போதாது. அந்தக் கட்டளை தனி புரோசஸ். உங்கள் மீட்டர் நிரல் தொங்கிப்போய் நின்றாலும் அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கும், ரீசெட் வரவே வராது. கர்னல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

வாட்ச்டாக் சாதனக் கோப்பை உங்கள் நிரலே திறக்கட்டும். படிப்பது, எழுதுவது, அனுப்புவது என்று மூன்று லூப்பும் தன் சுற்று முடிந்ததும் ஆளுக்கொரு கொடியை ஏற்றட்டும். மூன்று கொடியும் ஏறியிருந்தால்தான் தட்ட வேண்டும், தட்டியதும் மூன்றையும் இறக்க வேண்டும். நிரல் செத்துக் கோப்பு மூடினாலும் வாட்ச்டாக் நிற்காதபடி கர்னல் அமைப்பில் நோவேஅவுட்டை இயக்குங்கள். இந்த சிப்பில் அதிகபட்ச அவகாசம் 16 செகண்ட். ஒரு லூப்பும் அதைத் தாண்டிக் காத்திருக்கக் கூடாது, அதனால் 30 மீட்டரையும் ஒரே மூச்சில் படிக்காமல், மீட்டர் ஒன்றுக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். அடுத்த நிமிடத்துக்காகச் சும்மா இருக்கும் நேரத்திலும் லூப் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூட்_நேரம் எழுதியது:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் லூப் வெற்றியானாலும் தோல்வியானாலும் கொடியை ஏற்ற வேண்டும். வெற்றிக்கு மட்டும் ஏற்றினால் டவர் இல்லாத நேரமெல்லாம் கருவி ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்து மீட்டர் கணக்கும் போகும். மோடம் தொங்கினால் அதன் பவர் பின்னை மட்டும் ஜிபிஐஓ வழியாக அணைத்து ஏற்றுங்கள், படிக்கும் லூப் பாட்டுக்கு ஓடட்டும்.